நான் சாப்பிடுறதே கொஞ்சம்

என்னைப் பார்க்க வருகிற பெண்டுகள் எல்லாரும் முதலில் வயிற்றுத் தழும்பைக் காட்டச் சொல்கிறார்கள். காட்டினாலும் விடுகிறார்களா? வெட்டும்போது நொந்ததா, வெள்ளைக்காரி கையாலேயே தைத்தாளா, மயக்கத்தில் என்னென்ன உளறினேன் என்று ஆயிரம் கேள்வி. எல்லாம் கேட்டு முடித்த பிறகு குரலைத் தாழ்த்தி, "அது சரி அக்கா, எப்பிடி உப்பிடி மெலிஞ்சனீங்கள்?" என்பார்கள். வந்ததே அதைக் கேட்கத்தான். ஒவ்வொருத்திக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. உடுவிலில் ஏழாம் வகுப்பு வரை படித்தவள் நான். எழுதி வைத்துவிட்டால் வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டட்டும்.

எனக்குக் கடைசிப் பிள்ளை பிறந்த பிறகு தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு கட்டி வந்தது. நின்றால் தெரியும், படுத்தால் மறைந்துவிடும். படுத்தால் மறைகிற கட்டிக்கு யார் வைத்தியம் பார்ப்பார்கள்? பரியாரியார் ஒரு எண்ணெய் தந்து, துணியால் இறுக்கிக் கட்டச் சொன்னார். கட்டிக்கொண்டு நான் என் பாட்டுக்குத் தண்ணீர் அள்ளினேன், மா இடித்தேன், நீர்வேலிச் செம்மண் தோட்டத்திலிருந்து வருகிற வாழைக்குலைகளைத் தூக்கி அடுக்கினேன். வருடங்கள் போயின. கட்டியும் வளர்ந்தது, நானும் வளர்ந்தேன். எந்த அளவுக்கென்றால், திருக்கல் வண்டியில் நான் ஏறினால் மாடு திரும்பிப் பார்க்கும் என்று என் வீட்டுக்காரரே பகிடி பண்ணுவார்.

போன புரட்டாதியில் ஒரு காலை, பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். வயிற்றில் யாரோ கயிறு போட்டு முறுக்கியது போல ஒரு வலி. கட்டி கல்லாக இறுகிவிட்டது. படுத்துப் பார்த்தேன், உள்ளே போகவில்லை. வாந்தி வந்தது. என் மகள் பரமேசு ஓடிப்போய்த் தோட்டத்திலிருந்து தகப்பனைக் கூட்டிவந்தாள். வண்டியில் போட்டு, மிசன்காரரின் பெண்கள் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுக்க ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் வண்டிக்காரனைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

ஆசுப்பத்திரியில் டாக்குத்தரம்மா ஒரு வெள்ளைக்காரி. நரைத்த தலை, மெலிந்த உடம்பு, ஆனால் கை மட்டும் கொல்லன் கை. கால்மாட்டை உயர்த்திப் படுக்கவைத்து, குளிர்ந்த துணி போட்டு, மெல்ல மெல்ல அழுத்தி அந்தக் கட்டியை உள்ளே தள்ளினா. அது உள்ளே போனபோது எனக்கு உயிர் திரும்பி வந்தது. அவவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இந்த வயிற்று வருத்தத்தின் பெயர் குடலிறக்கம் என்று டாக்குத்தரம்மா விளங்கப்படுத்தினா. வயிற்றுச் சுவரில் ஒரு ஓட்டை விழுந்து, அதன் வழியாகக் குடல் வெளியே பிதுங்குகிறது. நான் கட்டி என்று நினைத்திருந்தது என்னுடைய சொந்தக் குடல். அது வெளியே வந்து வந்து உள்ளே போனால் பயமில்லை. ஓட்டையில் இறுகி மாட்டிக்கொண்டால் இரத்தம் ஓடாமல் குடல் அழுகிவிடும். அதற்குப் பிறகு ஆண்டவன்தான். வெட்டி ஓட்டையைத் தைத்துவிட்டால் சுகம்.

"அப்ப வெட்டுங்கோவன்" என்றேன்.

"வெட்ட மாட்டேன்" என்றா டாக்குத்தரம்மா. புத்தகத்தில் படித்த தமிழ் அவவுடையது. ஒவ்வொரு சொல்லையும் முழுதாக உச்சரிப்பா. "உங்கள் வயிற்றில் கொழுப்பு மிகுதி. நான் தைத்தாலும் தையல் பிடிக்காது. மயக்க மருந்து கொடுத்தால் இந்த உடம்புக்கு மூச்சு முட்டும். முதலில் முப்பது இறாத்தல் குறையுங்கள். மாசி மாதம் நான் கப்பலேறி ஊருக்குப் போகிறேன். திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேலாகும். அதற்குள் நீங்கள் குறைந்தால் வெட்டுவேன்."

குறையாவிட்டால்? அதை நான் கேட்கவில்லை. இன்னொரு முறை அந்தக் கட்டி இறுகினால் இப்படித் தள்ளிவிட ஆள் இருக்காது என்பது எனக்கு விளங்கியது. பரமேசுவுக்குக் கலியாணம் ஆகவில்லை, சின்னவனுக்கு இன்னும் கோவணம் கட்டத் தெரியாது. சாகப் பயமில்லை என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. எனக்குப் பயம்தான். நன்றாகப் பயந்தேன்.

என்ன சாப்பிடுகிறேன் என்று டாக்குத்தரம்மா கேட்டா. ஒளிக்காமல் சொன்னேன்.

"காலமை ஒரு வாய் தேத்தண்ணி. மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டாப் பிறகு மிஞ்சினதிலை கொஞ்சம். இரவிலையும் அப்பிடித்தான். நான் சாப்பிடுறதே கொஞ்சம் டாக்குத்தரம்மா. இது வாய்வு உடம்பு. பச்சைத்தண்ணி குடிச்சாலும் ஊதும்."

அவ தன் கையை முட்டியாகப் பொத்திக் காட்டினா. "உங்கள் கையையும் இப்படிப் பொத்துங்கள். ஒரு நேரச் சோறு அவ்வளவு. மீன் உங்கள் உள்ளங்கை அளவு. மீதித் தட்டம் முழுவதும் கீரை, புடலங்காய், வாழைப்பொத்தி, உங்களுக்கு விருப்பமான எந்த மரக்கறியும். தேங்காய்ப்பால் கறிக்கு நிறம் மாறுகிற அளவு மட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "உது நான் வழக்கமாத் தின்னுறதிலும் கூட" என்று பரமேசுவின் காதில் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபடியே நடந்தேன். இல்லை, நடந்ததாக நினைத்தேன். ஒரு நாள்கூட நான் பாய் விரித்துத் தட்டம் போட்டுச் சாப்பிடவில்லை. விருந்து, செத்தவீட்டு அந்தியேட்டி, கோயில் அன்னதானம் ஒன்றுக்கும் போகவில்லை. வெள்ளிக்கிழமை விரதத்தையும் விடவில்லை. ஐப்பசியில் போய்த் தராசில் ஏறினால் முன்னையதிலும் இரண்டு இறாத்தல் கூட.

டாக்குத்தரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தா. "அம்மா, நீங்கள் உண்மை சொல்லவில்லை."

எனக்கு வந்த கோபம்! "செல்வச்சந்நிதி முருகன் அறிய நான் பொய் சொல்லேல்லை. உங்கடை தராசுதான் பழுது. கண்டறியாத தராசு!" என்று கத்தினேன். வெளியே மரவாங்கில் குந்தியிருந்த பெண்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவ பக்கத்தில் நின்ற நேர்ஸைத் தராசில் ஏறச் சொன்னா. அவளுடைய நிறை சரியாகத்தான் காட்டியது.

"இவரை இங்கேயே வாட்டில் படுக்கவைத்திருங்கள்" என்றா.

அந்த நேர்ஸின் பெயர் திரேசா. குருநகர்ப் பிள்ளை. கழுத்தில் சிலுவை, நாக்கில் நல்ல உப்புப் புளி. என்னுடைய கோபத்துக்கு ஈடுகொடுத்த ஒரே ஆள் அவள்தான். ஆசுப்பத்திரி வளவில் நோயாளிகளின் சொந்தக்காரர் சமைக்க ஒரு ஓலைக்கொட்டில் இருந்தது. பரமேசு வந்து அங்கே சமைப்பாள். திரேசா அதைத் தட்டத்தில் போட்டுக் கொண்டுவருவாள். பொத்திய கை அளவு சோறு, உள்ளங்கை அளவு மீன், குவியலாய் முளைக்கீரை.

முதல் நாள் அதைச் சாப்பிட்டுவிட்டு மிச்சம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன அம்மா, வாசலைப் பாக்கிறியள்?"

"சோறு எங்கை பிள்ளை?"

"சாப்பிட்டிட்டியள் அம்மா. அதுதான் சோறு."

பின்னேரம் ஆனபோது பசியில் கண் இருண்டது. காலையில் வாட்டில் மிசன்காரர் வேதப்பாட்டுப் பாடும்போது நான் திருநீறு பூசிக்கொண்டு கண்ணை மூடிச் சிவபுராணம் சொல்லப் பார்ப்பேன். இடியப்பமும் சொதியும்தான் கண்ணுக்குள் வரும். பக்கத்துக் கட்டிலில் பிள்ளை பெற்றவளுக்கு வந்த, மிளகும் உள்ளியும் அரைத்த சரக்குக்கறி மணம் என்னை அழவைத்தது. வீட்டில் இதைவிடக் குறையச் சாப்பிடுகிறவளுக்கு இங்கே ஏன் இப்படிப் பசிக்கிறது என்று யோசிக்க எனக்குப் புத்தி வரவில்லை. ஆசுப்பத்திரிக் கிணற்றுத் தண்ணீர்தான் பசியைக் கிளப்புகிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் தராசு இறங்கியது. அடுத்த கிழமையும் இறங்கியது. நான் சத்தியம் பண்ணிச் சொன்ன கணக்கும் தராசும் ஒத்துவராததுதான் டாக்குத்தரம்மாவுக்கு விளங்கவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு கதலிக்குலையோடு என்னைப் பார்க்க வந்தபோது அவரைக் கூப்பிட்டுக் கேட்டா.

"ஐயா, உங்கள் மனைவி வீட்டில் எவ்வளவு சாப்பிடுகிறார்?"

அவர் தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். யோசித்தார். வாழைக்கன்றுக்கு எத்தனை கடகம் எரு என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பார்.

"தெரியாது அம்மா" என்றார். "இவ சாப்பிட்டு நான் காணேல்லை."

"ஒரு நாளும்?"

"கலியாணத்தண்டு பூதாக்கலத்திலை ஒண்டாச் சாப்பிடேக்கை ஒருக்காக் கண்டனான். பிறகு ஒரு நாளும் காணேல்லை."

எங்களுக்குக் கலியாணமாகி இருபது வருடத்துக்கு மேல், மூத்த பிள்ளைக்கே இருபது வயது. எனக்கு அதிலே ஒரு புதினமும் தெரியவில்லை. எந்த வீட்டில் பெண்சாதி சாப்பிடுவதைப் புருஷன் பார்த்துக்கொண்டிருக்கிறான்? ஆம்பிளைகளுக்குப் போட்டு, பிள்ளைகளுக்குப் போட்டு, வந்தவர் போனவருக்குப் போட்டு, பிறகுதான் குசினிக்குள் இருந்து ஒரு வாய். எங்கள் எல்லாருடைய வீட்டிலும் அப்படித்தானே? ஆனால் அந்த மனிதரின் முகம் எப்படியோ போய்விட்டது. வைத்த கதலிக்குலையை எடுத்து அதே இடத்தில் மறுபடியும் வைத்தார்.

திரேசா பரமேசுவிடம் திரும்பினாள். "அம்மா எதிலை சாப்பிடுறவ?"

"சட்டியிலை" என்றாள் என் மகள். "கறிச்சட்டிக்குள்ளை மிச்சச் சோத்தைப் போட்டுப் பிரட்டி."

மறுநாள் மத்தியானம் திரேசா என்னைச் சமையல் கொட்டிலுக்கு நடத்திக் கூட்டிப்போனாள். பரமேசுவை வீட்டில் சமைக்கிற அளவுக்கே சமைக்கச் சொல்லியிருந்தாள். வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் உரியதை எடுத்துவைத்தாயிற்று. "இப்ப நீங்கள் வீட்டிலை சாப்பிடுறமாதிரிச் செய்யுங்கோ அம்மா. ஆனா வாயிலை மட்டும் வைக்காதையுங்கோ" என்றாள்.

இதிலென்ன இருக்கிறது என்று குந்தினேன். பானையில் ஒட்டியிருந்த சோற்றை அகப்பையால் வழித்து மீன்சட்டிக்குள் போட்டேன். அடிப்பொருக்கை வீணாக்கக்கூடாது, அதையும் சுரண்டிப் போட்டேன். கத்தரிக்காய்ப் பால்கறியில் நாலைந்து துண்டு மிஞ்சியிருந்தது, பின்னேரம் மட்டும் வைத்தால் புளித்துப்போகும், அதையும் போட்டேன். வறை ஒரு பிடி. சொதி மிச்சம். பிழிந்த தேங்காய்ப்பூவில் கொஞ்சம் சம்பல். எல்லாவற்றையும் போட்டுச் சட்டியை வழித்து ஒரு பிரட்டுப் பிரட்டினேன். சட்டியில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. அடியில் கொஞ்சம் கிடந்தது.

திரேசா அந்தச் சட்டியை வாங்கித் தட்டத்தில் கவிழ்த்தாள். தட்டம் நிரம்பியது. இன்னொரு தட்டம் எடுத்தாள். அதுவும் நிரம்பிற்று. ஆழச்சட்டி எவ்வளவு பிடிக்கும் என்று அதில் சமைக்கிற எனக்குத் தெரியாமல் போய்விட்டது. பொத்திய கையை அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தோட்டத்தில் மண் வெட்டுகிற இரண்டு கூலியாட்கள் தின்று ஏப்பம் விடலாம்.

"உது ஆற்றை சாப்பாடு?" என்று கேட்டேன்.

"உங்கடை 'கொஞ்சம்' அம்மா" என்றாள் திரேசா.

நான் கோபிக்கவில்லை. கோபிக்க எனக்குப் பலம் இல்லை. அந்த இரண்டு தட்டத்தையும் பார்க்கப் பார்க்க மற்றதெல்லாம் ஒவ்வொன்றாய் ஞாபகம் வந்தது. பிட்டு அவிக்கும்போது நீத்துப்பெட்டியிலிருந்து உதிர்கிறதை வாயில் போடுவது. உப்புப் பார்க்கிறேன் என்று ஒவ்வொரு கறியிலும் ஒரு அகப்பை. சின்னவன் துப்பிவிட்டுப் போகிற முட்டை. தேங்காய் துருவும்போது ஒரு சில்லு. எல்லாரும் குடித்து மிஞ்சிய தேத்தண்ணியும், அதைக் கடித்துக் குடிக்கப் பனங்கட்டியும். இதில் ஒன்றையும் நான் சாப்பாடு என்று நினைத்ததில்லை. வீட்டில் ஒன்றும் வீணாய்ப் போகக்கூடாது என்பது என்னுடைய பெருமை. வீணாகாமல் போனதெல்லாம் என் வயிற்றில்தான் இருந்தது.

டாக்குத்தரம்மாவுக்கு விசயத்தைச் சொன்னபோது அவ சிரிக்கவில்லை. "நான் உங்களைப் பொய்காரி என்று நினைத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றா. என் தராசுப் பேச்சுக்கு நானும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவ கட்டளை போட்டா: இனிச் சட்டியில் சாப்பிடக்கூடாது, தட்டத்தில்தான். நின்றுகொண்டு, குந்திக்கொண்டு, நடந்துகொண்டு ஒன்றும் வாயில் போடக்கூடாது. முழுச் சாப்பாட்டையும் முதலிலேயே தட்டத்தில் போட்டுக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் தொடவேண்டும். வீட்டுக்காரரோடு ஒரே நேரத்தில், அவர் முன்னால் இருந்து சாப்பிடவேண்டும்.

"அவருக்கு முன்னாலையோ? ஐயோ, என்னால ஏலாது" என்றேன்.

"ஏலும்" என்றார் அவர். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "நானே போட்டுத் தாறன்."

போட்டும் தந்தார். வீட்டுக்குத் திரும்பிய அன்றைக்கு, என்னைப் பாயில் இருத்தி, என்னுடைய கையை வாங்கிப் பொத்திப் பார்த்து, அந்த அளவுக்குச் சோற்றை அள்ளி வைத்தார். பக்கத்து வீட்டுப் பொன்னம்மா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பெண்சாதிக்குப் பரிமாறுறியள்?" என்றாள். "ஓம், உமக்கும் போடட்டோ?" என்றார். அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஊர் முழுக்கக் கதை பரவியது. நான் வெட்கத்தில் தட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவரும் என்னைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

பசி இரண்டு கிழமையில் பழகிவிட்டது. மிச்சம்தான் என்னைக் கொன்றது. பால்கறியை நாய்க்கு ஊற்றிய முதல் நாள் நான் உட்கார்ந்து அழுதேன். "பால்கறியடி, நாய்க்கு!" என்று பரமேசுவிடம் புலம்பினேன். அவள்தான் கேட்டாள்: "அப்ப ஏனம்மா மிஞ்சச் சமைக்கிறம்?"

ஏனென்றால், ஆரும் வந்தால்? கலியாணம் முடித்து வந்த நாள் தொடங்கி உலையில் அரிசி போடும்போது ஒரு சுண்டு கூடத்தான் போடுவேன். படலையைத் திறந்து யாராவது வந்தால் "இருங்கோ, சாப்பிட்டிட்டுப் போகலாம்" என்று சொல்ல வேண்டாமா? சோறில்லை என்று சொல்ல வாய் வருமா? ஆனால் யோசித்துப் பார்த்தால் மாதத்தில் ஓரிரு நாள்தான் யாராவது வருவார்கள். மற்ற நாளெல்லாம் அந்த வராத விருந்தாளியின் சோற்றை, இத்தனை வருடமும் நான்தான் சாப்பிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சுண்டரிசியை அரிசிப் பானையில் திரும்பக் கொட்டினேன். யாராவது வந்தால் அடுப்பை மறுபடியும் மூட்டினால் போகிறது. நீர்வேலியில் விறகுக்கா பஞ்சம்?

மார்கழி முழுக்க மழை. ஒரு நாள் இருமலில் கட்டி வெளியே வந்து உள்ளே போகாமல் நின்றது. கால்மாட்டுக்குத் தலையணை அடுக்கிப் படுத்து, டாக்குத்தரம்மா செய்ததைப் போல மெல்ல அழுத்திக்கொண்டு கிடந்தேன். பரமேசு பக்கத்தில் இருந்து, "போயிட்டுதோ அம்மா? போயிட்டுதோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வெகு நேரத்துக்குப் பிறகு போனது. அன்றிலிருந்து அளவுக்கு மேல் ஒரு பருக்கை சாப்பிட எனக்கு மனம் வரவில்லை. கையில் பொத்திய அளவிலும் குறைத்தேன். திரேசாவிடம் போனபோது அதற்கும் ஏச்சு. "பட்டினி கிடந்தா உடம்பு உருகும், தையல் பிடிக்காது அம்மா. பொத்தின கை எண்டால் பொத்தின கை. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

தைப்பொங்கலுக்குப் பொங்கலையும் கை பொத்தித்தான் சாப்பிட்டேன். பிறகு தராசில் ஏறியபோது முப்பதுக்கு இரண்டு இறாத்தல் குறைவு. டாக்குத்தரம்மாவின் பெட்டிகள் அறை மூலையில் கட்டியபடி கிடந்தன. அவ தராசைப் பார்த்தா, என் வயிற்றைக் கிள்ளிப் பார்த்தா, திரேசாவைப் பார்த்தா. "போதும்" என்றா. "நாளை மறுநாள்."

சத்திரசிகிச்சையைப் பற்றி எழுத அதிகம் இல்லை, ஏனென்றால் நான் அங்கே இருக்கவில்லை. மூக்குக்கு மேல் துணி சுற்றிய ஒரு கம்பிக்கூட்டை வைத்து, குளோரோபோம் என்ற மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். இனிப்பு மணம். எண்ணச் சொன்னார்கள், நான் எண்ணாமல் "முருகா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திரேசா தன் சிலுவையைத் தொட்டுக்கொண்டு, "ரெண்டு பேரும் பாப்பினம் அம்மா, பயப்பிடாதையுங்கோ" என்றாள். அடுத்ததாக எனக்குத் தெரிந்தது தாகம்தான். நாக்கு ஓடாய்க் காய்ந்திருந்தது. தண்ணீர் தரமாட்டார்களாம், ஈரத்துணியால் உதட்டை மட்டும் நனைத்தார்கள். இருமல் வரும்போதெல்லாம் வயிற்றைக் கையால் தாங்கிப் பிடிக்க வேண்டும். தையல் கிழிந்துவிடுமோ என்று தும்மலுக்குக்கூடப் பயந்தேன். மூச்சு முட்டவில்லை, தையல் பிடித்துக்கொண்டது. டாக்குத்தரம்மா கடைசியாகக் கட்டுப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அழகான தையல்" என்று தன்னையே மெச்சிக்கொண்டா. நான் அவவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அடுத்த கிழமை அவ கப்பலேறிவிட்டா.

எனக்கு இப்போது குனிய முடிகிறது. சிரிக்க முடிகிறது. படுத்த பிறகு வயிற்றைத் தடவித் தடவிப் பார்க்கிறேன், அங்கே ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைத் தொடும்போது வருகிற நிம்மதியை எழுத எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆனபின், பாரம் தூக்காமல் சமைக்கலாம் என்று திரேசா சொல்லிவிட்டாள். அன்றைக்கு நானே சமைத்து, அவருக்குப் பரிமாறிவிட்டு, குசினிப் பக்கம் திரும்பினேன்.

"எங்கை போறீர்?"

"நீங்கள் சாப்பிடுங்கோ. நான் பேந்து சாப்பிடுறன். இனியென்ன, வெட்டித் தைச்சாச்சு. அளவும் எனக்குத் தெரியும், தட்டத்திலைதான் சாப்பிடுவன்."

"இரும்" என்றார். தானே ஒரு தட்டத்தை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார்.

இருந்தேன். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். நிமிர்ந்தால் அந்த மனிதர் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன பாக்கிறியள்?"

"நீர் முதல் வாய் வைக்கேக்கை கண்ணை மூடுறீர்" என்றார். "எல்லா நாளும் மூடுறீர். இவ்வளவு காலமும் எனக்கு அது தெரியாது."

"விசர்க்கதை கதையாமல் உங்கடை தட்டத்தைப் பாருங்கோ" என்று எரிந்து விழுந்தேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.